அரைப்பேரும் முழுப்பெயரும்

வேர்களைத் தேடிப் போவது இன்று உலகெங்கும் ஒரு வழக்கமாகிவிட்டது. 1976ஆம் ஆண்டு அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்தபோது, ஓர் ஆபிரிக்க அமெரிக்கர் தம் முன்னோரைக் கடலுக்கு அப்பால் தேடிச் சென்ற கதை பலரையும் உலுக்கியது. அது தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் வந்தபோது எங்கள் வயதினர் ஒரே பிரதியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். இன்று ஐரோப்பியர் பலர் அந்த வேலையைக் கணினியின் முன் அமர்ந்தபடியே செய்துவிடுகிறார்கள். பாட்டனின் பெயரைத் தட்டினால் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் திரையில் வந்து நிற்கின்றன.

ஒரு மலையகத் தமிழன் தன் பாட்டனின் பெயரைத் தட்டினால் என்ன வரும்?

இந்தக் கேள்வியோடுதான் 2025 ஒக்டோபரில், கனடாவில் மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கிய நாட்களில், நான் பிறந்து வளர்ந்த நோட்டன் பிரிட்ஜுக்குப் புறப்பட்டேன். அங்கே அது ஐப்பசி மழைக்காலம். மூன்று வாரப் பயணத்தில் எனக்கு இரண்டு வேலைகள் இருந்தன. எங்கள் குடும்பத்தின் வரலாற்றுக்கு ஆதாரமான ஆவணங்களைத் தேடுவது ஒன்று. அரை நூற்றாண்டாகச் சிதறிக் கிடக்கும் பள்ளித் தோழர்களைச் சந்திப்பது மற்றொன்று.

செய்தியின் சாரத்தை முதற்பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தொழில் கற்றுத்தந்த ஆசிரியர்கள் சொல்வார்கள். நான்காவது பத்தியிலாவது சொல்லிவிடுகிறேன். மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே வேலைதான். நம் முன்னோரை ஏடுகள் எண்களாகவும் மனிதர்கள் உறவுகளாகவும் வைத்திருக்கிறார்கள். ஒன்றில்லாமல் மற்றொன்றைப் படிக்க முடியாது. ஏடுகள் மக்கிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்குப் பொருள் சொல்லக்கூடியவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் கடந்துவிட்டார்கள். இரண்டையும் காப்பாற்ற நமக்கு மிச்சமிருக்கும் காலம் மிகக் குறைவு.

*

நமக்கு மட்டும் ஏன் இந்த நிலை என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் நாம் வந்த விதத்தில் இருக்கிறது.

1860 முதல் 1911 வரை தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 இந்தியர்கள் கப்பலேறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் யாவும் எழுதப்பட்டன. மொரீஷியசில் அத்தகைய பதிவேடுகளை மகாத்மா காந்தி நிலையம் பாதுகாத்து வருகிறது. பலருடைய புகைப்படங்கள்கூட அங்கே உள்ளன. இது வெள்ளையரின் கருணையால் நிகழ்ந்ததன்று. அது ஒப்பந்தக் கூலி முறை. ஓடிப்போனவனைப் பிடித்துவர அடையாளம் வேண்டியிருந்தது. பிடிப்பதற்காக எழுதிய ஏடு, பேரப்பிள்ளைகளுக்கு முகவரியாக மாறியது.

இலங்கைக்கு வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் இல்லை. கங்காணி ஊருக்குப் போவான். உறவையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு வருவான். வழிச்செலவு அவர்கள் தலையில் கடனாக விழும். அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தொடக்கக் காலத்தில் துறைமுகங்களில் தலைகளை எண்ணினார்கள், பெயர்களை எழுதவில்லை. பின்னர் கழுத்தில் தகர டிக்கெட் தொங்கியது. அதில் இருந்தது மாவட்டத்துக்கான எழுத்தும் தோட்டத்துக்கான எண்ணும். சரக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதானே அனுப்புகிறவருக்கு முக்கியம்! 1939 ஓகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்தப் போக்குவரத்து நடந்தது. என் தாத்தா 1920களில் மண்டபம் முகாம் வழியாக வந்தவர் என்ற ஒரே செய்திதான் எங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தது. எந்த ஊரிலிருந்து என்பது யாருக்கும் தெரியாது.

தோட்டத்தை ஆண்டவர்களின் கதை வேறு. பெர்கியூசன் டிரெக்டரியைப் புரட்டினால் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் எந்தத் துரை இருந்தார் என்று கண்டுகொள்ளலாம். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோட்டனுக்குப் போகும்போது, காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல் கட்டப்பட்டது. அதன் கல்லறைகளில் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வரும் கொள்ளுப்பேரர்கள் மலர் வைத்துப் போகிறார்கள். பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் காலமாகி, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானவர். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களின் முகங்கள் இருக்கின்றன. பெரும்பாலான முகங்களுக்குப் பெயர் இல்லை. கல்லறை உள்ளவர்கள்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. தம் பாட்டனைத் தேடி வருவது நல்ல காரியம். அதே வசதி எங்களுக்கும் வேண்டும் என்பதே என் கட்சி.

*

நோட்டன் பிரிட்ஜை அறியாத வாசகர்களுக்கு இரண்டு செய்திகள். இலங்கைக்கு மின்வெளிச்சம் கொடுத்த ஊர்களில் அது ஒன்று. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இல் முன்வைத்த நீர்மின் திட்டம், பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 1950இல் நிறைவேறியது. கெஹெல்கமு ஓயாவை நோட்டனில் அணைகட்டி நிறுத்தி, அந்த நீரை லக்சபான மின்நிலையத்துக்கு அனுப்பினார்கள். அந்த வெளிச்சம் கொழும்புக்குப் போயிற்று. அணையிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த எங்கள் லயத்தில் நான் பள்ளிப்படிப்பை முடிக்கும் வரை மண்ணெண்ணெய் விளக்குதான்.

மற்றச் செய்தி துயரமானது. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த டச்சு விமானம் எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மழையிலும் இருட்டிலும் மலையேறியவர்களில் தோட்டத்து இளைஞர்களும் இருந்தார்கள். விமானத்தின் சக்கரம் ஒன்று இன்றும் நோட்டனில் நினைவாக இருக்கிறது. அந்த 191 பேரின் பெயர்களும் பயணிகள் பட்டியலில் இருந்தன. அவர்களுடைய உறவினர் வந்து துக்கம் அனுசரிக்க அது வழிசெய்தது. ஒருவரின் பெயரை எழுதி வைப்பது அவருக்குச் செய்யும் முதல் மரியாதை என்பதை இளம் நிருபனாக நான் அறிந்துகொண்டது அப்போதுதான். அதே மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மடிந்தவர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை.

அல்லது இருந்தது, அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

தோட்ட வாழ்க்கையை அறியாதவர்களுக்கு ஒரு சொல்லை விளக்க வேண்டும். தோட்டத்தில் 'பேர்' என்றால் நாட்சம்பளம். காலையில் பிரட்டுக்குப் போய், நாள் முழுதும் வேலை செய்து, குறித்த அளவு கொழுந்தும் கொடுத்தால் ஒரு பேர். அளவு குறைந்தால், மழையில் பாதியில் இறங்கினால் அரைப்பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்பதுதான் மாலையில் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி. ஒருவனுடைய பெயரும் அவனுடைய கூலியும் ஒரே சொல்லாக இருந்த சமூகம் எங்களுடையது. செக்ரோல் எனப்பட்ட கூலிப் பேரேடு அந்தப் 'பேரை' எண்ணியது. அதற்கு உரியவர் யார் மகள், யார் மனைவி, எந்த ஊர் என்பது பற்றி அந்த ஏட்டுக்கு அக்கறை இல்லை.

எங்கள் தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும் கதை இது. அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். "பழைய புஸ்தகம் எல்லாம் எப்பவோ கழிச்சிட்டாங்க ஐயா" என்றார். அவர் சொன்னதில் வியப்பில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தேயிலைச் செடிகளையும் இயந்திரங்களையும் எண்ணி ஒப்படைத்தார்கள். பழைய பேரேடுகளுக்கு யார் கணக்குக் கேட்பது?

*

ஆவணத் தேடல் அந்த அலுவலக வாசலோடு முடிந்திருக்கும். முடியாமல் காத்தது நட்பு.

ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, நோட்டனில் ஒரு நண்பன் வீட்டில் நால்வர் கூடினோம். ஒருவன் ஹட்டனில் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒருவன் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவன். அது அவன் வீடு. மூன்றாமவன் 1970களில் குடும்பத்தோடு தாயகம் திரும்பிக் கோத்தகிரியில் குடியேறியவன். இந்தச் சந்திப்புக்காகவே வந்திருந்தான். எழுபத்து நான்கு வயதில் "டேய்" என்று அழைக்க ஆள் கிடைப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை என் வயதினர் அறிவார்கள்.

அந்தத் திகதிக்கு ஒரு பொருள் உண்டு. 1964 ஒக்டோபர் 30இல்தான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 மனிதர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரு பிரதமர்களும் பிரித்துக்கொண்டார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணன் இங்கே, தம்பி அங்கே. தாய் இங்கே, மகள் அங்கே. குடும்பம் பிரிந்தபோது குடும்பத்தின் நினைவும் இரண்டாகப் பிரிந்தது என்பதை அன்று மாலைதான் கண்கூடாகக் கண்டேன்.

கணக்கப்பிள்ளை நண்பன் ஒரு பழைய தகரப்பெட்டியைத் திறந்தான். எரிக்கப் போட்ட குவியலிலிருந்து அவன் எடுத்துவந்த 1953ஆம் ஆண்டுச் செக்ரோல் ஒன்று உள்ளே இருந்தது. கறையான் தின்றது போக மீதி. ஆங்கில எழுத்தில் 'மாரியாயி' என்ற பெயர் ஐந்து இடங்களில் இருந்தது. வேறுபடுத்த ஒன்று முதல் ஐந்து வரை இலக்கமிட்டிருந்தார்கள். என் பாட்டியின் பெயரும் மாரியாயிதான். எந்த இலக்கம்?

நண்பனின் தாயாருக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் இருந்தவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுக் குரல் கொடுத்தார். "மூணாம் நம்பரு ஒங்க அப்பாயிதான் தம்பி. அந்த அஞ்சு பேரும் ஒரே கொந்தரப்புல கொழுந்தெடுத்தவங்க. மாரியாயின்னு கூப்பிட்டா அஞ்சு பேரும் திரும்பிப் பாப்பாங்க. அதனால ஒங்க அப்பாயிய நாங்க மதுக்கரைக்காரின்னுதான் கூப்பிடுவோம்."

மதுக்கரை. எங்கள் வீட்டில் ஒருவரும் எனக்குச் சொல்லாத ஊர்ப்பெயர். ஏன் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். மேட்டு லயத்துக்கு மேலே மரத்தடியில் இருக்கும் செல்லாண்டியம்மனுக்கு ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்தவர் பாட்டியின் மாமனார் என்றார். கரூரை அடுத்து மாயனூர்ப் பகுதியில், காவிரிக் கரையில், மதுக்கரைச் செல்லாண்டியம்மன் கோயில் இருக்கிறது. சேர, சோழ, பாண்டிய நாடுகள் மூன்றுக்கும் எல்லை அது என்பது அப்பகுதி மரபு. பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் அவள். எங்கள் ஊர் இன்னும் முழுதாகக் கிடைத்துவிடவில்லை. ஆனால் தமிழ்நாடு முழுவதும் தேட வேண்டியிருந்த இடத்தில், இப்போது காவிரிக் கரையில் சில கிராமங்களைத் தேடினால் போதும்.

கோத்தகிரி நண்பன் தன் பங்குக்கு ஒரு காகிதத்தை நீட்டினான். அவர்களுடைய கப்பலிலேயே சென்ற என் சித்தப்பாவின் இந்தியக் கடவுச்சீட்டுப் பிரதி. சித்தப்பாவின் பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். அதில் தாத்தாவின் பெயர் செல்லமுத்து. எங்கள் அப்பாவின் இலங்கைப் பத்திரங்களில் இருந்தது 'முத்தன்'. அரை நூற்றாண்டாக இரண்டு நாடுகளில் இரண்டு பெயரோடு இருந்த ஒரு மனிதர், அன்று மாலை அந்த மேசையில் ஒரே ஆளானார்.

*

இதைத் தனிமனித உணர்ச்சி என்று ஒதுக்கிவிட வேண்டாம். தோட்டத்தில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பதால், உழைத்துச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவதற்கே அலைந்தவர்கள் மலையகமெங்கும் உண்டு. காணியுரிமை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் 'நீங்கள் எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள்' என்ற கேள்வியும் வரும். 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த 200 ஆண்டுகளைக் குடும்பம் குடும்பமாக நிறுவும் சான்றுகள் வேண்டாமா?

இதற்கு எதிரான வாதமும் உண்டு. அதை முன்வைத்தவன் என் ஆசிரிய நண்பனேதான். "ஊரையும் குலதெய்வத்தையும் தேடிப் போனால் கடைசியில் சாதியில்தானே போய் நிற்பாய்? நம் பிள்ளைகள் மறக்கத் தொடங்கியதை நீ ஏன் தோண்டுகிறாய்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கங்காணி தன் சாதியாரைச் சேர்த்துக்கொண்டு வந்ததும், லயங்கள் அப்படிப் பிரிந்து நின்றதும் உண்மை. ஆனால் ஏட்டை எரித்ததால் சாதி எரிந்துவிடவில்லை. கல்யாணப் பேச்சு வரும்போது அது யாருடைய உதவியும் இல்லாமல் தானே எழுந்து வருகிறது. எரிந்துபோனது மூன்றாம் இலக்க மாரியாயியின் முழுப்பெயர்தான். அவள் எந்த லயத்தில் இருந்தாள், எத்தனை நாள் அரைப்பேருக்கு உழைத்தாள், யாருக்குத் தோழியாக இருந்தாள் என்பதைத் தேடுவது சாதிப் பெருமை ஆகாது.

ஆகவே நான் வேண்டுவது மூன்று.

முதலாவது, பெருந்தோட்டக் கம்பனிகளிடம் எஞ்சியிருக்கும் பழைய செக்ரோல்களும் பிறப்பு, இறப்புக் குறிப்புகளும் ஓர் இலைகூடக் கழிக்கப்படாமல் தேசிய சுவடிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்து வரும் நூலகம் நிறுவனம் போன்றோர் அவற்றைப் படியெடுக்க இடம் தர வேண்டும்.

இரண்டாவது, பிரஜாவுரிமை விண்ணப்பங்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. 1949இன் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பித்ததில் பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். மற்றவர்களை நிராகரிப்பதற்காகத் துருவித் துருவிக் கேட்டு எழுதிய அந்தக் கோப்புகளைவிட விரிவான குடும்ப வரலாறு நமக்கு வேறில்லை. எஞ்சியுள்ளவற்றை வழித்தோன்றல்கள் பார்க்க அரசு வழிசெய்ய வேண்டும். நேட்டாலில் பிடிப்பதற்காக எழுதிய ஏடு பேரனுக்குப் பயன்பட்டதுபோல, இங்கே மறுப்பதற்காக எழுதிய ஏடாவது நமக்குப் பயன்படட்டும்.

மூன்றாவது வேண்டுகோள் அரசுக்கோ கம்பனிகளுக்கோ அன்று. இதைப் படிக்கும் உங்களுக்கு. நீலகிரியில், கிளிநொச்சியில், லண்டனில், ரொறன்ரோவில், எங்கே இருந்தாலும், உங்கள் குடும்பத்தோடு கொழுந்தெடுத்த, கப்பலேறிய, பக்கத்துக் காம்பராவில் இருந்த மூத்தவர் ஒருவர் எங்கோ இருப்பார். அவரிடம் போங்கள். பெயர் கேட்பதற்கு முன் பட்டப்பெயரைக் கேளுங்கள். எந்தக் கங்காணியின் ஆட்கள், எந்தச் சாமிக்குப் பிடிமண் வைத்தார்கள், எந்தத் தோட்டத்தில் பெண் எடுத்தார்கள், யார் யார் ஒப்பாரிக் கோச்சியில் போனார்கள் என்று கேளுங்கள். கைபேசியில் குரலைப் பதிந்துகொள்ளுங்கள்.

நான் திரும்பி வந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2025 நவம்பர் இறுதியில், தித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மனிதர்களோடு வீடுகளும், வீடுகளில் இருந்த தகரப்பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. நோட்டனோடு எனக்கு மூன்று நாட்கள் தொடர்பு கிடைக்கவில்லை. நான்காம் நாள் நண்பன் பேசினான். எல்லோரும் நலம் என்றான். செக்ரோலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி உயரத்தில் வைத்திருக்கிறானாம். அடுத்த ஞாயிறன்று ஹட்டன் நண்பன் வந்து பக்கம் பக்கமாகப் படமெடுக்கப் போகிறான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஆள் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.